தாமதத்துக்குக் காரணம்

அடையாற்றுப் பள்ளியின் வேதியியல் கிடங்கில்
பிரிக்காத பெட்டிகள் விட்டம் வரை.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் கொடுத்தவர் பெயர்:
எண்பத்தொன்றாம் ஆண்டு மாணவர்கள்,
ஏதோ ஒரு மென்பொருள் நிறுவனம்,
மகளின் பிறந்தநாளுக்கு யாரோ ஒரு டாக்டர்.
வாசலில் எங்கள் பள்ளியில் இருக்கும்
அதே மாநகராட்சிச் சின்னம்தான்.
அதே சீருடை. அதே சத்துணவு முட்டை.
முட்டையில் மட்டும் வித்தியாசமே கிடையாது.

பெஞ்சமின் நல்லவர்.
ஆறு பியூரெட்டையும் வெளிச்சத்தில் தூக்கி
விரிசல் இல்லை என்று எனக்கும் காட்டி
பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தார்.
"நீங்களே வச்சுக்கோங்கன்னு சொல்ல ஆசைதான்.
கையிருப்புப் பதிவேடு ஒத்துக்கணுமே."
எடுத்தவர், எடுத்த நேரம்,
திருப்ப வேண்டியது: இன்று மாலை ஐந்து.
கையெழுத்துப் போட்டேன்.

29சி-யில் ஜன்னலோரம்.
மடியில் கண்ணாடி.
ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
"புல்லாங்குழலா?" என்றார் நடத்துநர்.
இது சொட்டுச் சொட்டாகத்தான் பாடும் என்றேன்.
சிரிக்கவில்லை, சில்லறை கேட்டார்.
ஜெமினி, நுங்கம்பாக்கம், புரசைவாக்கம்,
பெரம்பூரில் இறங்கி ஷேர் ஆட்டோ.
எருக்கஞ்சேரி தாண்டினால்
குப்பைமேட்டுப் புகைக்கு
மூக்குதான் முதலில் கொடுங்கையூர் போய்ச் சேரும்.
ஒரே மாவட்டம்.
ஒரே வினாத்தாள்.

எங்களுக்கென்று பியூரெட்டுகள் மூன்று.
ஒன்றின் குழாய் திறக்காது.
ஒன்றுக்கு மூக்கு போய்விட்டது.
மூன்றாவதில் எண்கள் அழிந்து
முப்பதா நாற்பதா என்பது அவரவர் நம்பிக்கை.
ஆண்டு முழுக்க ஹேமாவதி டீச்சர்
கரும்பலகையில் ஒரு பியூரெட் வரைவார்,
ஊதாச் சுண்ணக்கட்டியால் நிரப்புவார்,
விரலால் அழித்து அழித்து மட்டத்தை இறக்குவார்.
பிள்ளைகள் நோட்டில் அளவைக் குறிப்பார்கள்.
எல்லோருக்கும் ஒரே விடை. எல்லோருக்கும் சரி.

தேர்வு முடிந்தது.
வெளியிலிருந்து வந்த தேர்வாளர்
பார்சல் டீயை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்.
கழுவிக் கவிழ்க்கலாம் என்று திரும்பினால்
யுவராணி நிற்கிறாள், பின்னால் ஐந்தாறு பேர்.
"சார், இன்னொரு வாட்டி பண்ணிக்கட்டுமா?"
மார்க் போட்டாச்சும்மா.
"மார்க்குக்கு இல்ல சார்.
கலர் மாறுனத நான் பாக்கவே இல்ல.
பயத்துல நம்பரையே பாத்துட்டு இருந்துட்டேன்."

மணி நான்கரை.
பெர்மாங்கனேட் அரைக் குடுவை மீதமிருந்தது.
தோளில் மாட்டிய பையை
டீச்சர் மறுபடி மேசையில் வைத்தார்.
விளக்கைப் போட்டேன்.

காலி சாஸ் பாட்டிலில் சுழற்றிப் பழகிய மணிக்கட்டு அது.
சொட்டு விழும், ஊதா விரியும், காணாமல் போகும்.
விழும், போகும்.
விழும்,
போகும்.
இதுதான் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத
ஏதோ ஒரு சொட்டில்
கடைக்காரர் தாராளமாகத் தண்ணீர் கலந்த
ரோஸ் மில்க் நிறம் வந்து
போகாமல் நின்றது.
யாரும் கத்தவில்லை.
குடுவையை வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பார்த்துவிட்டு
"இவ்ளோதானா" என்றாள் யுவராணி.
அது ஏமாற்றமா வேறெதுவுமா
எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.
அடுத்தவளின் கையைப் பிடித்துக்
குழாயை எவ்வளவு திருப்புவது என்று காட்டத் தொடங்கியிருந்தாள்.

ஏழு மணிக்குக் கரைசல் தீர்ந்தது.
ஆறு பியூரெட்டும் அந்த இரவு
எங்கள் துருப்பிடித்த தாங்கிகளில் நின்றன,
வாடகை பாக்கி இல்லாத குடித்தனக்காரர்களைப் போல.

மறுநாள் பெஞ்சமின் எண்ணினார். ஆறு.
விரிசல் இல்லை.
என் நகக்கண்ணில் இருந்த பழுப்புக் கறையைப் பார்த்தார்.
எதுவும் கேட்கவில்லை.
கடைசிக் கட்டம் ஒன்றுதான் காலி:
தாமதத்துக்குக் காரணம்.
பேனாவைத் திறந்து
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
புரசைவாக்கத்தில் நெரிசல்
என்று எழுதினேன்.